பன்னிரண்டு டியூப்கள்

1

அக்கா அந்த ஹார்டு டிஸ்கை அப்பாவின் பழைய துண்டில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நாகப்பட்டினத்தில் பஸ் ஏறியதிலிருந்து தாம்பரத்தில் இறங்கும்வரை டப்பா மடியிலேயே இருந்ததாம். என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "இதுல நாலு வருஷம் இருக்குடா. கீழ போட்டுத் தொலைச்சிடாத."

2024 ஜூன். அக்காவுக்கு முப்பத்தாறு வயது. பகலில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், மிச்ச நேரத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர். நெல் எப்படி உப்பைத் தாங்குகிறது என்பது ஆய்வு. ஓர் ஆய்விதழுக்கு அவள் அனுப்பிய கட்டுரை திரும்பி வந்திருந்தது. நிராகரிக்கவில்லை. மதிப்பாய்வு செய்தவர்களில் ஒருவர் மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தார். மூலத் தரவையும், அதிலிருந்து இந்த முடிவுவரை வந்த வழியையும், வேறொருவர் அப்படியே ஓட்டிப் பார்க்கிற மாதிரி கொடுங்கள் என்று. அறுபது நாள் அவகாசம். இந்தக் கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம்.

"அவ்வளவுதானே? நீ ஓட்டின ஸ்கிரிப்டைத் தூக்கி அனுப்பிடு" என்றேன்.

அக்கா பதில் சொல்லாமல் டிஸ்கைச் செருகி ஒரு ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். 'ஃபைனல்', 'ஃபைனல்_2', 'ஃபைனல்_புதுசு', 'ஃபைனல்_கைடு_சொன்னது', 'ஃபைனல்_இதான்'. ஒவ்வொன்றிலும் பாதி ஸ்கிரிப்ட், பாதி எக்செல். முழுதாக ஓடிய இடம் துறையின் சர்வர். அதை இரண்டு வருடங்களுக்கு முன் ஃபார்மேட் செய்துவிட்டார்கள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. நான் பணப் பரிவர்த்தனை மென்பொருள் எழுதுகிறவன். எங்கே ஒரு ரூபாய் காணாமல் போனாலும் ராத்திரி எழுப்பிக் கேட்பார்கள். எங்கள் வேலையில் 'என் மெஷின்ல ஓடுதே' என்பது கெட்ட வார்த்தை. இந்த ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். ஒரு சனி ஞாயிறு வேலை.

ஐம்பத்திரண்டு நாள் ஆனது.

2

2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வயலுக்குள் வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, அக்காவுக்குப் பதினாறு. வீடு மேட்டில் இருந்ததால் தப்பித்தோம். தண்ணீர் வடிந்த பிறகு மண்மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு படிந்திருந்தது. அக்கா அதைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்து விதைத்த நெல் முளைத்தது, நுனி கருகியது, அப்படியே நின்றுபோனது. ஜிப்சம் போட்டார்கள். வரப்பை உயர்த்தி மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். ஒரு நாள் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டாள்: "ஏம்ப்பா, வேரு உப்ப விட்டுட்டுத் தண்ணிய மட்டும் குடிக்காதா?"

"அது என்ன, ஒன்ன மாதிரி வெவரமா?" என்றார் அப்பா.

வெவரமான நெல்லும் இருக்கிறது என்பது அவளுக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. கேரளக் கடலோரத்தின் பொக்காளி. எர்ணாகுளம், ஆலப்புழை பக்கம் உப்பங்கழியை ஒட்டிய நிலங்களில் காலங்காலமாக விளைவது. அதற்கு நேரெதிர் ஐஆர் 29. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். உப்பு ஆய்வுகளில் 'தாங்காத' ரகத்துக்கு உதாரணமாக அதைத்தான் வைப்பார்கள். வேரிலிருந்து மேலே ஏறும் சோடியத்தை வழியிலேயே திரும்ப இழுத்துக்கொண்டு, இலைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஒரு நெல் புரதத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒரு புரதத்தால் மட்டும் ஆகிற வேலை இல்லை அது. உப்பு பட்ட சில மணி நேரத்தில் வேருக்குள் என்னென்ன விழித்துக்கொள்கின்றன, என்னென்ன அடங்கிப்போகின்றன என்று மொத்தமாகப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆர்என்ஏ வரிசையறிதல்.

இதை எனக்குப் புரிய வைக்க அக்கா சொன்ன விளக்கத்தை அப்படியே தருகிறேன். ஒரு செடியின் எல்லாச் செல்லிலும் ஒரே டிஎன்ஏதான். அதில் எந்த மரபணு இப்போது வேலை செய்கிறதோ அதற்கு ஆர்என்ஏ படிகள் எடுக்கப்படும். நிறைய வேலை என்றால் நிறையப் படிகள். "நம்ம பஸ் ஸ்டாண்டுல சாயங்காலம் கீழ கிடக்கிற டிக்கெட்டை எல்லாம் கூட்டி அள்ளுறேன்னு வச்சுக்கோ. எல்லாம் கிழிஞ்ச துண்டு. ஒவ்வொரு துண்டையும் பார்த்து இது வேளாங்கண்ணி ரூட்டு, இது திருவாரூர் ரூட்டுன்னு பிரிச்சு எண்ணினா, இன்னைக்கு எந்த ரூட்டுல கூட்டம்னு தெரிஞ்சிரும்ல? அதான்."

அந்தத் துண்டுகள்தான் டிஸ்கில் இருந்தவை. ஃபாஸ்ட்க்யூ என்று ஒரு கோப்பு வடிவம். ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரி: பெயர், ஏ சி ஜி டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன வரிசை, ஒரு கூட்டல் குறி, கடைசியில் ஒவ்வொரு எழுத்தையும் கருவி எவ்வளவு நம்பிக்கையோடு படித்தது என்பதற்கான மதிப்பெண். மதிப்பெண் 30 என்றால் அந்த எழுத்து தப்பாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. தன் வேலையில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து பக்கத்திலேயே குறித்துவைக்கும் கோப்பை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த மரியாதை அப்போதே வந்தது.

இரண்டு ரகம். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று இரண்டு நிலை. ஒவ்வொன்றிலும் மூன்று மறுபடிகள். ஆக, பன்னிரண்டு டியூப். ஒவ்வொரு டியூபிலிருந்தும் ஏறத்தாழ இரண்டு கோடித் துண்டுகள்.

3

வழி என்னவோ எளிதானதுதான். துண்டுகளின் தரத்தைப் பார், ஓரத்தில் ஒட்டியிருக்கும் செயற்கை வரிசைகளை வெட்டு, நெல்லின் மரபுத்தொகுதியில் ஒவ்வொரு துண்டும் எங்கே பொருந்துகிறது என்று தேடு, மரபணு வாரியாக எண்ணு, எண்ணிக்கைகளைப் புள்ளியியலால் ஒப்பிடு. ஐந்து படி. ஒவ்வொரு படிக்கும் இலவசக் கருவிகள் உண்டு. எழுதியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக்காரர்கள்.

முதல் தடவை ஓட்டியபோது ஏறக்குறைய எல்லா மரபணுவுக்கும் பூஜ்யம் வந்தது. நெல் செத்துப்போய்விட்டதா? இல்லை. நான் எண்ணுவதற்கு எடுத்த எச்டிசீக் என்ற கருவி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், துண்டு எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் பார்த்து எண்ணும். அக்காவின் மாதிரிகளைத் தயாரித்த முறையில் திசை தலைகீழாக வரும். போகிற டிக்கெட்டையெல்லாம் வருகிற டிக்கெட் என்று நினைத்துத் தூக்கிப் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு சொல்லை மாற்றியதும் எண்கள் வந்தன. பூஜ்யம் வந்ததால் பிழை தெரிந்தது. பூஜ்யம் வராத பிழைகளை என்ன செய்வது?

அவை வரிசையாக வந்தன. நெல்லுக்கு மாதிரியாக எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மரபுத்தொகுதி நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தினுடையது. இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து 2005-இல் வெளியிட்டவை அந்த வரிசைகள். ஆனால் அதில் எங்கிருந்து எங்குவரை ஒரு மரபணு என்று குறிக்கும் அட்டவணை இரண்டு இருக்கிறது. ஜப்பானில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று. ஒரே மரபணுவுக்கு இரண்டு பெயர். அட்டவணையும் அவ்வப்போது திருத்தப்படும். ரூட் நம்பரை மாற்றிய பிறகு பழைய டிக்கெட்டை எண்ணுகிற கதை. அடுத்தது ஆர் மொழி. 2020 ஏப்ரலில் வந்த அதன் 4.0 பதிப்பில், எழுத்துகளாக இருக்கும் தரவைத் தானாக வகைகளாக மாற்றும் பழைய வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் அதை நம்பி எழுதப்பட்ட பழைய ஸ்கிரிப்டுகள் சில முரண்டுபிடிக்கும், சில வாயைத் திறக்காமல் வேறு விடை தரும். அக்காவின் ஸ்கிரிப்ட் அதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதியது.

"பதிப்பெல்லாம் எங்கயாச்சும் குறிச்சு வச்சியாக்கா?"

"அப்ப எது இருந்துச்சோ அதாண்டா."

எங்கள் அம்மாவின் மீன்குழம்பும் இப்படித்தான். உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கைக்கு வர்ற அளவு" என்பாள். கைப்பக்குவம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம். குழம்புக்குப் பெருமைதான். குழம்பு நன்றாக இருக்கிறதா என்பதை நாக்கு அந்த நிமிடமே சொல்லிவிடும். ஆய்வின் முடிவைச் சுவைத்துப் பார்க்க நாக்கு கிடையாது. வழி சரியா என்பதை வைத்துத்தான் முடிவு சரியா என்று சொல்ல முடியும்.

வழியை எழுதிவைக்கும் கருவிகளில் ஸ்னேக்மேக்கைத் தேர்ந்தெடுத்தேன். யோஹான்னஸ் கோஸ்டரும் ஸ்வென் ராமனும் 2012-இல் வெளியிட்டது. பைத்தானில் எழுதலாம் என்பதால் எனக்குக் கைவந்தது. அதன் பாட்டன், ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் பெல் ஆய்வகத்தில் 1976-இல் எழுதிய மேக் என்ற நிரல். இவை யோசிக்கும் விதம் நம் கல்யாண வீட்டுக்காரர்கள் யோசிப்பதுதான். முதலில் முகூர்த்த நாளைக் குறிக்கிறோம். அதற்கு மண்டபம் வேண்டும், பத்திரிகை வேண்டும். பத்திரிகைக்கு மண்டபத்தின் பெயர் வேண்டும். ஆக, மண்டபம் முதலில். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருவோம். ஸ்னேக்மேக்கிலும் கடைசியில் வேண்டிய கோப்பைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கோப்பும் எதிலிருந்து, எந்தக் கட்டளையால் வரும் என்ற விதிகளை எழுதிவைக்க வேண்டும். மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். நடுவில் ஒரு கோப்பு மாறினால் அதைச் சார்ந்தவற்றை மட்டும் மறுபடி செய்யும். கையால் ஒரு படியை நுழைக்க அதில் இடமே இல்லை. இந்த வரி பிறகு முக்கியமாகப்போகிறது.

விதிகள் மட்டும் போதாது. 2017-இல் நெக்ஸ்ட்ஃப்ளோ என்ற இன்னொரு கருவியை அறிமுகப்படுத்திய பார்சிலோனா குழு, அதே ஆய்வு வழியை மேக் கணினியிலும் லினக்ஸிலும் ஓட்டி, முடிவுகளில் சின்னச் சின்ன வித்தியாசங்கள் வருவதைக் காட்டியது. அதனால் கருவிகளை அவற்றின் துல்லியமான பதிப்புகளோடு ஒரு கன்டெய்னருக்குள் அடைத்துவிடுகிறார்கள். டாக்கர் எனக்குப் பழக்கம்தான். பல்கலைக்கழகப் பொதுக் கணினிகளில் அதற்குத் தேவையான முழு அதிகாரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால் அங்கே ஆப்டெய்னர். முன்பு அதற்குப் பெயர் சிங்குலாரிட்டி.

முப்பதாவது நாள் எல்லாம் பொருந்தி, ஒரே கட்டளையில் முதலிலிருந்து கடைசிவரை ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு முதல் படத்தைத் திறந்தேன்.

4

ஆயிரக்கணக்கான மரபணுக்களின் எண்ணிக்கையைச் சுருக்கி, ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாக்கி, ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் படம் அது. ஒத்தவை பக்கத்தில் இருக்கும். அக்காவின் கட்டுரையில் அந்தப் படம் அழகாக இருந்தது. நான்கு மூலையில் நான்கு கூட்டம், ஒவ்வொன்றிலும் மும்மூன்று புள்ளி.

என் படத்தில் இரண்டு புள்ளிகள் இடம் மாறியிருந்தன. உப்பில் வளர்ந்த பொக்காளியின் இரண்டாவது மாதிரி ஐஆர் 29 கூட்டத்துக்குள் இருந்தது. உப்பில் வளர்ந்த ஐஆர் 29-இன் இரண்டாவது மாதிரி பொக்காளிக் கூட்டத்துக்குள் இருந்தது. அதன்பின் வந்த எல்லாமே கலங்கலாக இருந்தது. இரண்டு ரகத்துக்கும் இடையே வித்தியாசப்படும் மரபணுக்களின் பட்டியல் பாதியாகச் சுருங்கியிருந்தது. அக்கா கட்டுரையில் முன்னிறுத்தியிருந்த மூன்று மரபணுக்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

என் தப்பு என்றுதான் நினைத்தேன். மாதிரிகளின் பட்டியலைத் தட்டச்சு செய்ததில் வரி மாறியிருக்கும். சரிபார்த்தேன், இல்லை. கோப்பு நகலெடுக்கும்போது கெட்டிருக்கும். வரிசையறிந்து தந்த நிறுவனம் அனுப்பிய சரிபார்ப்பு எண்களோடு ஒப்பிட்டேன். எழுத்து பிசகாமல் இருந்தது. அட்டவணையை மாற்றினேன், கருவியை மாற்றினேன், பதிப்பை மாற்றினேன். இரண்டு புள்ளிகளும் அசையவில்லை. ஆபீஸ் முடிந்து ராத்திரி இரண்டு மணிவரை இதே வேலை. "ஒங்க அக்கா டாக்டர் ஆகுறதுக்குள்ள நீங்க டாக்டர்கிட்ட போயிருவீங்க" என்றாள் மனைவி.

நாற்பத்தோராவது நாள், 'ஃபைனல்_2' ஃபோல்டருக்குள் ஒரு வெறும் டெக்ஸ்ட் கோப்பு கிடைத்தது. ஃபீச்சர்கவுண்ட்ஸ் என்ற எண்ணும் கருவி கக்கிய அசல் கோப்பு. அந்தக் கருவிக்கு ஒரு நல்ல பழக்கம். தன் பதிப்பையும், தன்னை ஓட்டிய முழுக் கட்டளையையும் முதல் வரியில் எழுதிவைத்துவிடும். பார்த்தபோது கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அக்கா அன்றைக்கு என்ன செய்தாள் என்பதற்கு அவளுக்கே தெரியாமல் ஒரு சாட்சி.

பிறகு அதை, அவள் அடுத்த படிக்குப் பயன்படுத்திய எக்செல் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் ஒன்றே. பன்னிரண்டு பத்தித் தலைப்புகளில் பத்து ஒன்றே. இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தன.

யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள். அந்த 'யாரோ' யார் என்பதில் சந்தேகமே இல்லை.

5

இரண்டு நாள் அவளைக் கூப்பிடவில்லை. எக்செல்மேல் பழியைப் போட முடியுமா என்று பார்த்தேன். எக்செல் செய்த அட்டகாசங்கள் கொஞ்சமல்ல. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்று பெயர் கொண்டவை இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனிதனுக்குப் பெயர் மாற்றுவது சுலபம் போல. ஆனால் எக்செல் எவ்வளவு பொல்லாததானாலும் இரண்டு தலைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து இடம் மாற்றாது.

இன்னொரு கதையும் தூங்கவிடவில்லை. 2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு ஒன்று, புற்றுக்கட்டியின் மரபணுச் செயல்பாட்டை வைத்து எந்த மருந்து யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என எழுதியது. ஹூஸ்டனில் இருந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் அதைத் திரும்பச் செய்துபார்க்க முயன்றார்கள். வரவில்லை. துப்பறிவாளர்களைப் போலத் தோண்டி 2009-இல் எழுதினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளிப் போயிருந்தது. சிலவற்றில் மருந்து கேட்பவை, கேட்காதவை என்ற பெயர்கள் தலைகீழாக இருந்தன. இதற்குள் அந்த முறையை வைத்து நிஜமான நோயாளிகளிடம் சோதனைகள் தொடங்கியிருந்தன. 2010-இல் அவை நிறுத்தப்பட்டன. 2011-இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு பொய்யாக்கப்பட்டிருந்ததாக 2015-இல் அமெரிக்க அரசின் விசாரணை முடிவு செய்தது.

தலைப்புகள் இடம் மாறுவது. அவ்வளவுதான் விஷயம். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தவறும் மோசடியும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மூன்றாம் நாள் கூப்பிட்டேன். "அக்கா, பொக்காளி உப்பு ரெண்டு, ஐஆர் உப்பு ரெண்டு. தலைப்ப மாத்தினியா?"

வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா" என்றாள்.

வேர்களை வெட்டித் திரவ நைட்ரஜனில் உறைய வைத்த நாளில், இரண்டு டியூப்களின் மேல் மார்க்கரால் எழுதியிருந்தது ஸ்பிரிட் பட்டு அழிந்துவிட்டது. நினைவிலிருந்து மறுபடி எழுதினாள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. பல்கலைக்கழகம் மூடியது. வீட்டில் உட்கார்ந்து முதல் படத்தை வரைந்தபோது, அதே இரண்டு டியூப் இடம் மாறித் தெரிந்தது. மிச்ச ஆர்என்ஏ கிடையாது. மறுபடி வரிசையறியப் பணமும் கிடையாது. கைடிடம் சொன்னால் முதலிலிருந்து செய்யச் சொல்வார் என்று பயந்தாள். ஒரு ராத்திரி எக்செலைத் திறந்து இரண்டு தலைப்புகளை மாற்றினாள். படம் அழகாக வந்தது.

"தப்பா மாத்தலடா. சரியாத்தான் மாத்தினேன். ஆனா சரின்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். நாலு வருஷமா அந்தப் படத்தப் பாக்குறப்பல்லாம் வயித்தக் கலக்கும். யாராச்சும் கேட்டா சொல்லிருவேன்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. ஒன்கிட்ட டிஸ்க்கக் குடுத்தப்ப, இவன் கண்டுபிடிக்காம இருக்கணும்னும் வேண்டிக்கிட்டேன், கண்டுபிடிச்சிரணும்னும் வேண்டிக்கிட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது உண்மை. பத்து நாள் தூக்கம் போனதற்கு வந்த கோபம் அது. ஆனால் என் வேலையிலும் இதே ஆசையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கணக்கில் ஒரு பதிவு தப்பாக விழுந்துவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாகத் தரவுத்தளத்துக்குள் போய் அந்த எண்ணைத் திருத்திவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யக் கூடாது. தப்பான பதிவு அப்படியே இருக்க வேண்டும். அதற்குக் கீழே அதை நேர்செய்யும் எதிர்ப்பதிவு ஒன்றை, காரணத்தோடும் பெயரோடும் போட வேண்டும். தப்பு நடந்ததும் தெரியும், திருத்தியதும் தெரியும். பழைய கணக்குப்பிள்ளைகளுக்கே தெரிந்த முறை இது. அக்கா செய்தது திருத்தம்தான். எதிர்ப்பதிவு இல்லாத திருத்தம்.

6

"சரி, நீ மாத்துனது சரின்னு காட்ட வேற வழியே இல்லையா?" என்று கேட்டேன். அக்கா யோசித்தாள். அவளுடைய அறிவியல்காரக் குரல் திரும்பி வந்தது இப்போதுதான்.

"இருக்கு. எனக்குத்தான் அப்ப தோணல. எண்ணிக்கைய விடு, எழுத்தப் பாரு."

பொக்காளியும் ஐஆர் 29-உம் வெவ்வேறு ரகம். மரபுத்தொகுதியில் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒன்றுக்கு ஏ இருந்தால் மற்றதற்கு ஜி இருக்கும். ஆர்என்ஏ துண்டுகளிலும் அந்த எழுத்து வித்தியாசங்கள் இருக்கும். எவ்வளவு உப்பு ஊற்றினாலும் அவை மாறாது. டியூப்பின்மேல் மார்க்கரால் என்ன எழுதியிருந்தாலும் சரி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு துண்டும் தன் ரகத்தின் பெயரைத் தானே சொல்லும். இரண்டு டியூபும் உப்பில் வளர்ந்தவைதான். அதனால் ரகம் தெரிந்தால் போதும்.

ஸ்னேக்மேக்கில் புதிதாக நான்கு விதிகள் எழுதினேன். எல்லா மாதிரிகளிலும் எழுத்து வேறுபடும் இடங்களைக் கண்டுபிடி, மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடு, கூட்டம் பிரி. ராத்திரி முழுக்க ஓடியது. அக்கா அங்கே விழித்திருந்தாள், நான் இங்கே. காலை ஐந்தே காலுக்குப் படம் வந்தது. இரண்டு கூட்டம், ஆறு ஆறு. பெயர் ஒட்டியபடி பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஐந்து சரி, ஒன்று தப்பு. தப்பான இரண்டும் அதே இரண்டு டியூப்கள். கொஞ்சம்கூட இழுபறி இல்லை.

அவள் மாற்றியது சரி. போனில் அழுதாள். இந்த நான்கு விதிகளை 2020-லேயே எழுதியிருக்கலாம். எல்லாக் கருவிகளும் அப்போதே இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை, அல்லது கேட்க வாய் இல்லை.

மாதிரிப் பட்டியலில் டியூப்பின்மேல் எழுதியிருந்த பெயர் ஒரு பத்தி, உண்மையான ரகம் ஒரு பத்தி, காரணம் ஒரு பத்தி என்று மூன்றாக்கினோம். அசல் பெயர்களை அழிக்கவில்லை. அந்த மாற்றத்தை கிட்டில் பதிவு செய்யும் செய்தியை அக்காவே தட்டச்சு செய்தாள். என்ன நடந்தது, எப்போது, யார், எப்படி உறுதி செய்தோம் என்று பதினொரு வரி. ஆறாவது வரியில் அவள் பெயர் இருந்தது.

சரியான ரகத்தோடு, திசையையும் பார்த்து எண்ணி, முழுவதையும் மறுபடி ஓட்டினோம். அவளுடைய மூன்று மரபணுக்களில் இரண்டு திடமாக நின்றன. மூன்றாவது விழுந்துவிட்டது. பழைய கோப்பின் முதல் வரி காரணத்தைச் சொன்னது. அன்றைக்கு திசையைப் பார்க்காமல் எண்ணியிருக்கிறாள். எதிர்த்திசையில் அதே இடத்தில் ஓடும் வேறொன்றின் துண்டுகள் இதன் கணக்கில் விழுந்திருந்தன. ராத்திரி பயந்து பயந்து செய்த மாற்றம் சரியாக இருந்தது. பகலில் யோசிக்காமல் விட்ட அமைப்பு தப்பாக இருந்தது. அந்த மூன்றாவது மரபணுவுக்குத்தான் கட்டுரையில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஒரே மாலையில் அதை எடுத்தாள்.

கைடிடம் நேரில் போய்ச் சொன்னாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். நாற்பது நிமிடம். வெளியே வந்தவள் முகம் வெளுத்திருந்தது. "திட்டினாரா?" என்றேன்.

"இல்லடா. 'நாலு வருஷமா என்கிட்ட சொல்ல முடியாதுன்னு நெனச்சியாம்மா'ன்னு கேட்டாரு. அதுக்குத் திட்டியே இருக்கலாம்."

திருத்திய கட்டுரையில் முறைகளைப் பற்றிய பகுதியில் டியூப்கள் மாறிய கதை ஒரு பத்தியாக இருக்கிறது. ஐம்பத்தெட்டாம் நாள் அனுப்பினாள். பதில் இன்னும் வரவில்லை. வழி கேட்ட அந்த மதிப்பாய்வாளர் யாரென்று எங்களுக்குத் தெரியாது.

அனுப்புவதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை பாக்கி இருந்தது. நான் எழுதியதை நானே ஓட்டினால் அதற்கு மதிப்பில்லை. அக்காவின் கல்லூரியில் ஒரு கணினியைக் கேட்டு வாங்கினோம். நான் பேசக் கூடாது, உதவக் கூடாது, எழுதிவைத்த குறிப்பை மட்டும் பார்த்து அவள் ஓட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். குறிப்பில் இரண்டு இடத்தில் தடுக்கினாள். இரண்டும் எனக்குத் தெரியும் என்பதால் நான் எழுதாமல் விட்டவை. திருத்தினேன். வெள்ளி சாயங்காலம் தொடங்கியது. ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் போனில் செய்தி வந்தது. இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு மடிக்கணினியைத் திறக்கச் சொன்னாள். முடிவுக் கோப்பின் சரிபார்ப்பு எண்ணையும் என் கணினியில் வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முப்பத்திரண்டு எழுத்துகள். ஒவ்வொன்றாக அவள் வாய்விட்டுப் படித்தாள். எல்லாம் ஒன்று.

"வந்துருச்சுடா!" என்று கத்தினாள்.

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே தலையைத் தூக்கினார். "என்ன வந்துச்சு?"

"அதே பதில் வந்துருச்சுப்பா."

"அதேதானா?" என்றார் அப்பா. "அதுக்கா இந்தக் கூத்து?"